நம்ம பக்கம் கரெக்ட்டா இருக்கு

எதுவுமே தன்னால் கெட்டுப்போனதில்லை என்று சத்தியமாக நம்புகிற ஒரு வகை மனிதர்கள் இருக்கிறார்கள். ஆண்களில்தான் அதிகம் என்று வீட்டில் சொல்கிறார்கள். இவர்களை அடையாளம் காண மூக்கையும் முழியையும் பார்க்க வேண்டியதில்லை. பழுதான சாமான் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தால் போதும். மிக்ஸி ஓடவில்லையா? சுவிட்சைப் போட்டோமா என்று பார்க்க மாட்டார். தெருவுக்குப் போய்க் கரண்டுக் கம்பத்தை அண்ணாந்து பார்ப்பார். பஸ்ஸை விட்டுவிட்டாரா? பஸ் முன்கூட்டியே வந்துவிட்டது. கல்யாணத்துக்கு ஒரு நாள் பிந்திப் போய் மண்டபத்து வாசலில் பரிசுப் பொட்டலத்தோடு நிற்கிறாரா? பத்திரிகையில் தேதியைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அதிலும் நாலு பேர் கூப்பிட்டு, "செத்த இதப் பாருங்களேன்" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குப் பொங்கல். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தச் சாமானை ஒரு சுற்று வருவார், எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்வார், மின்விசிறியை அணைக்கச் சொல்வார், ஒரு ஸ்க்ரூ டிரைவரை வாங்கி எதற்கும் பயன்படுத்தாமல் கையில் வைத்துக்கொள்வார், ஒரு தடவை அணைத்து ஒரு தடவை போடுவார், இண்டு இடுக்கில் வாயால் ஊதுவார், மென்மையாக ஒரு தட்டுத் தட்டுவார், பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து தீர்ப்புச் சொல்வார்: "நம்ம பக்கம் கரெக்ட்டா இருக்கு."

அவ்வளவுதான். இனிமேல் உலகம்தான் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இந்த வகையில் குறை சொல்ல முடியாத உருப்படி ஒன்று 1999ஆம் வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்து, தினமும் காலை ஏழே முக்கால் டவுன் பஸ்ஸில் இராஜபாளையத்துக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தது. பெயர் ஞானதுரை. வயது முப்பத்தாறு. மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவர். மதார் சர்ஜிகல்ஸ் என்ற கம்பெனியில் வேலை. ஆஸ்பத்திரிக்கு வேண்டிய பேண்டேஜ் துணியையும் காயத்தின் மேல் வைக்கிற காஸ் துணியையும் சுருட்டிப் பெட்டி கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம் அது. முதலாளி மதார் சாகிப் நல்ல மனிதர். கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது என்று ஞானதுரை சொன்ன ஒரே காரணத்துக்காகக் கண்ணாடி அறை ஒன்று கட்டி அதற்குள் ஏசி போட்டுக் கொடுத்துவிட்டு, தான் வெளியே விசிறிக்கடியில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். இராஜபாளையத்து வெயிலில் அந்த வட்டாரத்திலேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்த ஒரே ஆள் நம்ம ஞானதுரைதான்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் அவர் கம்பெனிக்கென்று சொந்தமாக ஒரு ஈமெயில் சர்வர் வைத்தார். அதாவது ஆபீசுக்குள்ளேயே ஒரு தபால் நிலையம். மூன்று மேஜைகளிலும் எழுதுகிற கடிதங்களை ஒரு கம்ப்யூட்டர் வாங்கி அடுக்கி வைத்துக்கொள்ளும். டெலிபோன் கம்பி வழியாக வெளியே கூப்பிட்டு அந்தந்த ஊரில் உள்ள சர்வர்களிடம் சேர்க்கும். நமக்கு வந்திருப்பதையும் வாங்கி வந்துவிடும். இதை அமைக்க அவருக்கு நான்கு நாள் பிடித்தது. நான்கு நாளும் யாரையும் கண்ணாடி அறைக்குள் விடவில்லை. ஐந்தாம் நாள் மதுரையில் இருக்கிற தன் சிநேகிதனுக்கு ஒரு ஈமெயில் அனுப்பினார். அது போய்ச் சேர்ந்தது. சிநேகிதன் பதில் போட்டான். அதுவும் வந்து சேர்ந்தது. மதார் சாகிப் ஆபீசுக்கே சேமியா பாயசம் வாங்கிக் கொடுத்தார்.

ஆடி பிறந்து முதல் திங்கட்கிழமை, ஹாலந்து தேசத்தில் ரோட்டர்டாம் என்ற ஊரிலிருக்கும் ஒரு வியாபாரியிடமிருந்து ஈமெயில் வந்தது. பன்னிரண்டாயிரம் டஜன் பேண்டேஜ் வேண்டும். கூடவே ஒரு படிவம். அதை நிரப்பி வெள்ளிக்கிழமைக்குள் ஈமெயிலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். அந்த ஆர்டர் வந்தால் கொல்லைப்புறம் எழும்பிக்கொண்டிருக்கிற புது ஷெட்டில் தீபாவளி வரைக்கும் இருபத்தெட்டுப் பெண்களுக்குத் துணி சுருட்டுகிற வேலை உண்டு. வராவிட்டால் ஷெட் இருக்கும், பெண்கள் இருக்க மாட்டார்கள். மதார் சாகிப் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு படிவத்தை நிரப்பினார். ஞானதுரை அனுப்பினார்.

இரண்டு நிமிஷத்தில் அது திரும்பி வந்துவிட்டது.

திரும்பி வந்த கடிதத்தின் மேல் சர்வர் ஒரு முழுப் பக்கத்துக்கு இங்கிலீஷில் விவரம் எழுதியிருந்தது. கடிதம் எப்போது புறப்பட்டது, எந்த வாசலில் போய் நின்றது, அங்கே அந்த வாசல்காரன் என்ன சொன்னான் என்று எல்லாம் அதில் இருந்தது. ஞானதுரையின் வகையைச் சேர்ந்தவர்கள் இப்படிப்பட்ட விவரங்களை வாசிக்க மாட்டார்கள். மோப்பம் பிடிப்பார்கள். அவர் கண் ஓடிப்போய் நடுவில் இருந்த இரண்டு சொற்களில் நின்றது: டொமைன் இல்லை.

டொமைன் என்பது ஈமெயில் முகவரியில் அட் குறிக்குப் பின்னால் வருகிற கம்பெனிப் பெயர். அனுப்புகிறவருக்கும் ஒன்று உண்டு. வாங்குகிறவருக்கும் ஒன்று உண்டு. எவருடைய டொமைன் இல்லை என்றும் அதே வரியில் எழுதியிருந்தது. ஆனால் அதற்கு வரியின் தொடக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும்.

"முதலாளி, அவிய டொமைனே இல்லங்கான்" என்றார் ஞானதுரை.

மதார் சாகிப் பதறிவிட்டார். "இல்லையா? காலைலதானய்யா அவிய கிட்டருந்து கடுதாசி வந்துச்சு?"

"காலைல இருந்திருக்கும்."

மறுநாள் காலையில் அந்த இல்லாத டொமைனிலிருந்து இன்னொரு ஈமெயில் வந்தது. படிவம் இன்னும் வரவில்லையே என்று கேட்டிருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் இங்கே செத்த நேரம் நின்று யோசித்திருப்பார்கள். ஞானதுரை நிற்கவில்லை. ஒரு குற்றவாளி தப்பித்துவிட்டால் அடுத்தவனைப் பிடிக்க வேண்டியதுதானே? அவர் ஜன்னல் வழியாக மேற்கே மலையைப் பார்த்தார். "பிளவக்கல் பக்கம் மழை இறங்கிருக்கு. கம்பில ஈரம் கோத்திருக்கும்" என்றார். அன்று மத்தியானம் மலைக்கு மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. கடிதம் திரும்பி வந்தது. இடையில் மதுரைச் சிநேகிதனுக்கு ஒரு ஈமெயில் அனுப்பிப் பார்த்தார். அது ஜோராகப் போய்ச் சேர்ந்தது.

"பாத்தீங்களா? நம்ம பக்கம் கரெக்ட்டா இருக்கு."

புதன்கிழமை விரல் கடைசியாக ஓர் ஆளின் மேல் போய் நின்றது. அவர் பெயர் சோணைமுத்து. மம்சாபுரத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கம்பெனிக்கு ஆரம்ப நாளிலிருந்து வயரிங் வேலை பார்க்கிற எலெக்ட்ரீசியன். முன்னறையிலிருந்த டெலிபோன் கம்பியைக் கண்ணாடி அறை வரைக்கும் இழுத்துக் கொடுத்தது அவர்தான். அதில் ஓர் இடத்தில் கம்பியோடு கம்பியை முறுக்கி ஒட்டுப் போட்டிருந்தார்.

"ஒட்டு சரியில்ல. சத்தம் உள்ள போகுது" என்றார் ஞானதுரை.

சோணைமுத்து ஏணியைச் சாத்தி ஏறி, ஒட்டைப் பிரித்து, கம்பியைச் சுரண்டிப் புதிதாக முறுக்கிவிட்டு இறங்கினார். கடிதம் திரும்பி வந்தது. மறுபடி ஏறினார். மறுபடி வந்தது. மூன்றாம் தடவை ஏறப் போனவர் ஏணியின் கால்மாட்டில் நின்று யோசித்தார். அப்போதுதான் மதார் சாகிப், படிவம் அனுப்பத் திங்கட்கிழமை வரை தவணை கேட்டு ரோட்டர்டாமுக்கு ஒரு பேக்ஸ் அனுப்பியிருந்தார்; சரி என்று அதற்குப் பதிலும் வந்திருந்தது.

"சார், நான் படிக்காதவன். ஒண்ணு கேக்கேன். இதே கம்பிலதான பேக்ஸு போச்சு?"

கேள்வி நியாயமானது. ஆனால் நம்மவரிடம் கேள்வி கேட்டு யார் ஜெயித்திருக்கிறார்கள்?

"பேக்ஸு வேற அண்ணாச்சி. அது முரட்டுச் சரக்கு, முட்டி மோதிப் போயிரும். ஈமெயில் சன்னமானது. ஒட்டுல இம்புட்டுப் பிசிறு இருந்தாலும் சிக்கிரும்."

சோணைமுத்து தன் இரண்டு கைவிரல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூன்றாம் தடவையும் ஏறினார்.

வியாழக்கிழமை மதார் சாகிப் மதுரையிலிருந்து வேறொரு எலெக்ட்ரீசியனை வரவழைத்தார். அவர் பழைய கம்பியை உருவிப் போட்டுவிட்டு ஒட்டே இல்லாமல் புதுக் கம்பி இழுத்தார். ஆள் சுத்தமாக வேலை பார்க்கிறார் என்று புது ஷெட்டின் வயரிங் முழுவதையும் முதலாளி அவரிடமே பேசி முடித்துவிட்டார். அந்த வேலை சோணைமுத்துக்கு என்று சித்திரையிலேயே வாய்ப்பேச்சாக முடிவாகியிருந்தது. "நீரு செத்த நாளைக்கு ஓய்வா இரும் சோணைமுத்து" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

கடிதம் என்ன செய்தது? திரும்பி வந்தது.

"இப்ப வயரு சரியாயிருச்சு முதலாளி" என்று விளக்கினார் ஞானதுரை. "ஆனா அவிய சர்வருக்கு நம்ம பழைய வயரு ஞாபகத்துலயே இருக்கு. மறக்க ரெண்டு நாள் ஆகும்."

இதைச் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம்பிச் சொன்னார். இந்த வகையின் பலமே அதுதான். பொய் சொல்லுகிறவனுக்கு உண்மை எங்கே இருக்கிறது என்று தெரியும். இவர்களுக்கு அந்தத் தொந்தரவு கிடையாது.

திங்கட்கிழமை வந்தது. கடைசி நாள். பகல் இரண்டரை மணி. ரோட்டர்டாமில் அப்போதுதான் காலை பதினொன்று என்பது ஒன்றே ஆறுதல். ஞானதுரை காலையிலிருந்து பதினாலு தடவை அனுப்பி, பதினாலு தடவையும் திரும்பி வர, ஒவ்வொன்றையும் பிரிண்டரில் அடித்து மேஜையில் குவித்து வைத்திருந்தார். மதார் சாகிப் வெளியே எழுந்து நடப்பதும் உட்காருவதுமாக இருந்தார். கண்ணாடி அறைக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டருக்குள் நம்மவருக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் கதவைத் தட்டிக்கொண்டு ஆரிபா வந்தாள். பெட்டி மேல் ஒட்டுகிற லேபிள்களைச் சரிபார்க்கிறவள் அவள். சில வருஷங்களுக்கு முன் லேபிளில் ஓர் எழுத்து விட்டுப்போய் ஒரு சரக்கு முழுவதும் துறைமுகத்திலிருந்தே திரும்பி வந்துவிட்டது. அதற்கப்புறம் மதார் சாகிப் இந்த வேலைக்கென்றே ஆரிபாவை உட்கார்த்தினார். எட்டாவது வரைக்கும் படித்தவள். இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னால் புரியாது. ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லோடு ஒட்டி வைத்து எழுத்து எழுத்தாக விரல் வைத்துக்கொண்டு போவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"சார், ஹாலந்து ஆர்டருக்கு மாதிரி லேபிள் அடிச்சு வந்திருக்கு. கம்பெனி பேர ஒருக்கா ஒத்துப் பாக்கணும். நம்ம பேரு அடிச்ச தாளு ஏதும் இருக்கா?"

"இருக்கிற கஷ்டத்துல லேபிளா? அந்தா கெடக்கு. எதையாவது எடுத்துக்கோ."

அவள் மேஜைக் குவியலிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். லேபிளைப் பக்கத்தில் வைத்தாள். விரல் நகர்ந்தது. நின்றது. பின்னால் போய் மறுபடி நகர்ந்தது. இன்னொரு தாளை எடுத்தாள். இன்னொன்றையும்.

"சார், லேபிள்ல சர்ஜிகல்ஸ்னு கடைசில ஒரு எஸ் இருக்கு. இந்தத் தாள்ல இல்லையே. எல்லாத் தாள்லயும் இல்ல. எது சார் சரி?"

ஞானதுரை ஒரு நொடி கூடத் தாமதிக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல அப்படித்தாம்மா வரும். நீ போ."

பழக்கம்தானே? காலில் முள் குத்தினால் கை போகிற மாதிரி அந்தப் பதில் தானாக வந்துவிட்டது. ஆரிபா தாளைத் திருப்பி வைத்தாள். "அப்ப லேபிள்லயும் எடுத்துறவா சார்?" என்றாள்.

"வேண்டாம், வேண்டாம். லேபிள் சரி."

அவள் போன பிறகு அந்தச் சொல் அறைக்குள்ளேயே நின்றது. லேபிள் சரி. லேபிள் சரியென்றால்?

ஞானதுரை ஒரு தாளை எடுத்தார். ஒரு வாரத்தில் முதல் முறையாக முதல் எழுத்திலிருந்து வாசித்தார். 'அனுப்புநரின் டொமைன் இல்லை. இந்தக் கடிதத்தை ஏற்க முடியாது' என்று ரோட்டர்டாம் வாசல்காரன் சுத்தமான இங்கிலீஷில், மரியாதையாக, பதினாலு தாளிலும் ஒரே மாதிரி சொல்லியிருந்தான். அனுப்புநர் என்றால் அவன் இல்லை. நாம்.

சர்வரின் உள் அமைப்பைத் திறந்து பார்த்தார். கம்பெனிப் பெயரைக் கேட்டிருந்த கட்டத்தில், ஆனி மாதத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, யாரையும் உள்ளே விடாமல் அவரே தட்டியிருந்த பெயர் இருந்தது. மதார் சர்ஜிகல். ஒரே ஓர் எஸ் இல்லை. அப்படியொரு கம்பெனி உலகத்திலேயே இல்லை. ரோட்டர்டாம்காரன் எழுதுகிற கடிதம் சரியான பெயருக்கு வந்தது, அதனால் சேர்ந்தது. நம்முடைய கடிதங்கள் இல்லாத கம்பெனியின் பெயரில் போய் நின்றன. மதுரைச் சிநேகிதனின் சர்வர் வெள்ளந்தி. யார் பெயரைச் சொல்லி வந்தாலும் உள்ளே விடும்; சிநேகிதன் பதில் போட்டதும் முன்பே குறித்து வைத்திருந்த சரியான முகவரிக்குத்தான். ரோட்டர்டாமில் விசாரித்தார்கள்.

காதுமடல் இரண்டும் தீயாகச் சுட்டன. ஏணியில் மூன்றாம் தடவை ஏறிய ஒரு மனிதரின் முதுகு ஞாபகம் வந்தது. அதை ஒதுக்கிவிட்டு ஓர் எஸ்ஸைத் தட்டினார். கடிதத்தை அனுப்பினார். இரண்டு நிமிஷம் போனது. ஐந்து நிமிஷம் போனது. எதுவும் திரும்பி வரவில்லை. மூன்றரை மணிக்கு ரோட்டர்டாமிலிருந்து ஒரு வரி வந்தது: படிவம் கிடைத்தது, நன்றி.

மதார் சாகிப் கண்ணாடி அறைக்குள் ஓடிவந்து ஞானதுரையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ்! எப்படிய்யா சரியாச்சு?"

அடுத்த ஐந்து வினாடியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். உண்மை வாய் வரைக்கும் வந்தது. உதட்டில் தட்டி நின்றது.

"சரியாயிருச்சு முதலாளி" என்றார் ஞானதுரை.

"நான் அப்பவே நெனச்சேன். எல்லாம் புது வயரு பண்ண வேலை. சோணைமுத்துக்கு வயசாயிருச்சுய்யா. கை முன்ன மாதிரி இல்ல. என்ன செய்ய?"

நம்மவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமலிருப்பது பொய் ஆகாது என்று ஒரு சட்டப் புள்ளி அவருக்கு அந்த நேரத்தில் தோன்றியது. கண்ணாடிக்கு வெளியே ஆரிபா லேபிள் கட்டோடு நின்று அவரைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். அவர் பிரிண்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. சோணைமுத்து. ஞானதுரை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தார். சண்டைக்கு என்றால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பதிலுக்கு இவரும் கத்தியிருப்பார், அதில் எல்லாம் சரியாகப் போயிருக்கும்.

சோணைமுத்து உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சாண் நீளத்தில் இரண்டு கம்பித் துண்டுகளை எடுத்தார். நிதானமாக, விரலால் தடவித் தடவி, இரண்டையும் முறுக்கி ஒட்டுப் போட்டு நீட்டினார்.

"இருவத்தேழு வருசமா இப்பிடித்தான் முறுக்குதேன் சார். ஒருத்தரும் கொற சொன்னதில்ல. நீங்க படிச்சவிய. இதுல எந்த எடத்துல தப்புன்னு காட்டிக் குடுத்தீங்கன்னா திருத்திக்கிடுதேன். வேற எடத்துக்கு வேலைக்குப் போறேன், அங்கயும் இப்பிடி ஆயிரக் கூடாது பாருங்க. ஒரு வாரமா கம்பியத் தொடவே யோசனையா இருக்கு."

ஞானதுரை அந்த ஒட்டைக் கையில் வாங்கினார். பார்ப்பதுபோல் பார்த்தார். தன் வேலையில் தப்பு எங்கே என்று இன்னொருவனிடம் வந்து கேட்கிற ஒரு மனிதனை அவர் அதுவரை பார்த்ததில்லை. அப்படிக் கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது.

"இல்ல அண்ணாச்சி... ஒட்டுல ஒண்ணும் இல்ல. அது வந்து... ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

"ஒட்டுல எழுத்தா?"

"இல்ல, சர்வர்ல. பேர்ல ஒரு எழுத்து... விட்டுப்போயிருந்திருக்கு."

தமிழ் எவ்வளவு கருணையுள்ள பாஷை என்று பாருங்கள். விட்டுப்போச்சு, கெட்டுப்போச்சு, ஆயிருச்சு, நடந்திருச்சு என்று எத்தனை வசதி! செய்தவன் யாரென்றே சொல்லாமல் ஒரு ஆயுள் முழுவதையும் பேசிக் கழித்துவிடலாம். ஞானதுரை அன்றைக்கு அந்த அகராதி முழுவதையும் புரட்டினார். மாறிப்போச்சு என்றார். தவறிருச்சு என்றார். சோணைமுத்து ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, புரியாமல் அதே இடத்தில் நின்றார்.

"யாரு சார் விட்டது?"

ஞானதுரை கம்பியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். எதிர்வீட்டுக் கரண்டுக் கம்பத்தைக்கூட ஒரு தடவை பார்த்தார்.

"நாந்தான்."

உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் மனைவி பரிபூரணம் ஈரக் கையோடு நடைக்கு வந்து, யார் பேசியது என்று பார்த்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் இந்தச் சொல்லை இந்தக் குரலில் அவள் கேட்டதில்லை.

"நாந்தான் அண்ணாச்சி. எஸ் எழுத்த நாந்தான் விட்டுட்டேன். நீங்க போட்ட ஒட்டு மூணு தடவையும் சரியாத்தான் இருந்துச்சு. முதல்ல போட்டதும் சரி."

சோணைமுத்து அந்த ஒட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. "அப்ப என் கை சரிதானா?" என்றார்.

"சரிதான்."

அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. "ஏன்யா, எம் பொண்டாட்டிகிட்ட, எனக்குக் கை போச்சுட்டி, இனிமே இந்த வேலைக்கு ஆக மாட்டேன்னு சொல்லிட்டு மூணு நாளா முடங்கிக் கெடந்தேன். ஒரு எழுத்துக்கா? இத எங்கிட்ட மட்டும் வீட்டு வாசல்ல வச்சுச் சொன்னா ஆச்சா? பொறப்படுங்க. பாய்கிட்டச் சொல்லுங்க."

"சொல்லுதேன். நாளைக்கு..."

"நாளைக்கு என்ன நாளைக்கு? ஏழே முக்கால் வண்டி நிக்குது."

பரிபூரணம் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அவள் சிரிப்பை அடக்குவதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது போலத் தெரிந்தது. நம்மவர் அதைக் கவனிக்காத மாதிரி செருப்பைப் போட்டார்.

பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். சோணைமுத்து ஜன்னலோரம். மம்சாபுரம் விலக்குத் தாண்டும்போது, முதலாளியிடம் எப்படித் தொடங்குவது என்று ஞானதுரை மனதுக்குள் ஏழு வாக்கியங்களைத் தயார் செய்திருந்தார். ஏழும் 'ஆயிருச்சு' என்றே முடிந்தன.

ஆபீசில் மதார் சாகிப் மேஜையைச் சுற்றி நாலு பேர் நின்றார்கள்; ஆரிபாவும் இருந்தாள். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாமா என்று ஞானதுரை வாயெடுத்தார். பின்னால் சோணைமுத்து இருமினார். அங்கேயே, எல்லார் முன்னாலும், ஸ்வெட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார். எழுத்தை விட்டது நான். ரோட்டர்டாம்காரன் முதல் நாளே காரணத்தை எழுதியிருந்தான், நான் வாசிக்கவில்லை. கண்டுபிடித்தது ஆரிபா, அவளையும் போகச் சொல்லிவிட்டேன். வயரில் ஒன்றுமே இல்லை.

மதார் சாகிப் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் கத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவரோ நாலு பேரையும் பார்த்து, "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா, சோணைமுத்து கைல தப்பு வராதுன்னு?" என்றார்.

இந்த வகை மனிதர்கள் கண்ணாடி அறைக்குள் மட்டும் இருப்பதில்லை என்று ஞானதுரைக்கு அப்போது புரிந்தது. ஆனால் அதைச் சுட்டிக் காட்டும் நிலையில் அவர் அன்றைக்கு இல்லை.

மதுரை ஆள் புது ஷெட்டில் பாதி வயரிங் முடித்துவிட்டார். மிச்சப் பாதி சோணைமுத்துக்கு வந்தது. முழுதும் வந்திருக்க வேண்டியது. அதை சோணைமுத்து ஒருநாளும் மறக்கவில்லை. ஞானதுரையோடு டீ குடிக்கும்போதெல்லாம் ஷெட்டின் தெற்குப் பாதியைப் பார்த்துக்கொண்டே குடிப்பார். படிவம் பிந்தி வந்ததைச் சொல்லி ரோட்டர்டாம்காரர் பன்னிரண்டாயிரத்துக்குப் பதிலாக ஏழாயிரம் டஜன்தான் கேட்டார். பெண்கள் இருபத்தெட்டுப் பேரும் உள்ளே வந்தார்கள். வேலை மட்டும் ஐப்பசி முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. வெளியே போகிற எந்தக் கடிதத்துக்கும் முதலில் ஆரிபா விரல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார். அவளுக்குக் கண்ணாடி அறையில் ஒரு நாற்காலி கிடைத்தது. ஏசி ஒத்துக்கொள்ளாமல் தும்மிக்கொண்டே பார்த்தாள்.

அன்றிலிருந்து ஆபீசில் எல்லாரும் அவரை எஸ் சார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள், இங்கே ஆட்கள் எவ்வளவு பணிவாகப் பேசுகிறார்கள் என்று வியந்துபோனார்கள்.

ஞானதுரை திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். இந்தக் கதையை இன்றைக்கும் கல்யாண வீடுகளில் கூட்டம் கூட்டிச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பது அவரேதான்; தன்னைத் தானே கிண்டல் பண்ணுவதில் ஒரு குறையும் வைப்பதில்லை. கொஞ்ச நாளாக மட்டும் கதையில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. அந்த வருஷம் வாங்கின கீபோர்டில் எஸ் பட்டன் லேசாக மக்கர் பண்ணும் என்று.

இவ்வளவையும் வாசித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கு யாராவது ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். மைத்துனர், மேலதிகாரி, மாடிவீட்டுக்காரர். அப்படியே அவர்தான் என்று தொடையைத் தட்டியிருப்பீர்கள். நல்லது. இந்த இதழை அவருக்கு அனுப்பியும் வையுங்கள். அவரும் வாசித்துவிட்டுத் தொடையைத் தட்டுவார். யாரை நினைத்து என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

மற்றபடி, இந்தக் கட்டுரையில் எங்காவது ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால் அச்சகத்தாரைக் கேளுங்கள். இங்கிருந்து போகும்போது எல்லாம் இருந்தது.